வரேன் என்றொரு வாக்கு

ஐஸ் பேக்டரிச் சங்கு அலறியதும் குடியரசு கண் விழித்தது.

மொத்தக் குடியரசும். மீன் ஏலக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள், பள்ளிக்கூட மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தவர்கள், கரையில் கட்டிய படகுகளுக்குள் சுருண்டிருந்தவர்கள், எல்லோரும் எழுந்து உட்கார்ந்து நெற்றியில் ஒட்டியிருந்த பட்டையைக் கழற்றினார்கள். வெளியே மதிய வெயில். தெருவில் கணுக்கால் அளவுக்குக் கடல். நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று யாரையோ தேடிப் போவதுபோலத் தெருவோடு மிதந்து போனது. யாரும் அதைத் தடுக்கவில்லை.

சிப்பித்திட்டில் ஓட்டுப் போடுவது தூக்கத்தில், கனவால்; போட்டு எழுந்த நேரம் எப்போதும் அப்படித்தான் இருக்கும். கண்ட கனவு யாருக்கும் ஞாபகம் வராது. பட்டை அதை எடுத்துக்கொண்டுவிடும். கனவின் ஈரம் மட்டும் உள்ளே எங்கேயோ மிச்சமிருக்கும். அன்று மாலை முழுவதும் ஊரே எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வந்ததுபோல நடக்கும். உப்புக் கேட்டவருக்குக் கடைக்காரர் சீனியைக் கொடுப்பார். வாங்கியவரும் கவனிக்காமல் வீட்டுக்குப் போவார்.

சங்கின் சங்கிலியை விட்டுவிட்டு அதிபர் சூசைராயன் நீளமாக ஒரு கொட்டாவி விட்டார்.

அந்தச் சங்கிலியை இழுப்பது அதிபரின் வேலை. குடியரசு தூங்கும்போது எவர் விழித்திருக்கிறாரோ அவரே அதிபர் என்று அரசியல் சட்டத்தின் முதல் வரி சொல்கிறது. அதனால் சிப்பித்திட்டில் ஓட்டுப் போட முடியாத ஒரே பிரஜை அவர்தான். ஊரே குறட்டை விடும்போது ஒருவன் மட்டும் முழித்துக் கிடக்கும் கொடுமை எதிரிக்கும் வரக் கூடாது என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனாலும் பதவியை விடமாட்டார்.

கனவு எண்ணும் இயந்திரம் ஐஸ் பேக்டரிக்குள் குளிர் அறையில் இருந்தது. அதற்குக் குளிர் வேண்டும். தீவில் குளிர் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். முன்பு சீலா மீன்களை அடுக்கி வைத்த அலமாரிகளில் இப்போது பச்சை விளக்குகள் மினுமினுத்தன. மீன் வாடை மட்டும் போகவில்லை. அறையின் வாசலிலிருந்த பெஞ்சில் படுத்துத் தன் ஓட்டைப் போட்டு எழுந்த பிரகாசி, சால்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தாள். அவள்தான் வாக்கு ஆணையர். முடிவை ஒலிபெருக்கியில் அவள் அறிவித்தால்தான் அது சட்டம்.

இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் செந்தூரி. இயந்திரத்துக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த எஞ்சினியர். பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்தில் பிறந்து வளர்ந்து, அகராதிகளிலிருந்தும் பழைய செய்தித்தாள்களிலிருந்தும் தமிழ் படித்தவள். இந்த ஒரு ஓட்டுக்காகவே, எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கக் கடல் கடந்து வந்திருந்தாள். அவள் பேசுவதைக் கேட்கத் தீவுப் பெண்கள் வேண்டுமென்றே வந்து வழி கேட்பார்கள். "நேராகச் சென்று இடப்பக்கம் திரும்புங்கள்" என்று அவள் சொன்னால், தெருமுனைவரை அடக்கிக்கொண்டு போய்ச் சிரிப்பார்கள்.

அன்றைக்குக் கேள்வி சிறியதில்லை. காலையில் ஒலிபெருக்கியில் அதிபரே படித்தார். கடல் ஏறிக்கொண்டே வருகிறது. பெருநிலத்து அரசு மலையடிவாரத்தில் இடம் தருகிறேன் என்கிறது. மொத்த ஊருக்கும் இடம் உண்டு. ஊர் ஒன்றாகவே இருக்கலாம். இதே இடத்தைக் கேட்டு இன்னும் பல தீவுகள் வரிசையில் நிற்கின்றன. பதிலைக் கேட்டு, போவதென்றால் ஊரையே ஏற்றிக்கொண்டு போகக் கப்பல் வந்து நிற்கிறது. மாலையில் கடல் ஏறும் ஓதத்தோடு அது திரும்பிவிடும். தீவை விட்டுப் போகலாமா, இங்கேயே இருக்கலாமா? சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

"முடிவு வந்துவிட்டது, ஐயா" என்றாள் செந்தூரி.

திரையில் இரண்டே பத்திகள். போகலாம் என்ற பத்தியில் ஒரே ஒரு ஓட்டு. மற்ற அத்தனையும் இருக்கலாம் என்ற பத்தியில்.

சூசைராயன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, ஒன்றும் புரியவில்லையே என்றார். தெருவுக்குத் தெரு டிரங்குப் பெட்டிகள் கட்டியாகிவிட்டன. அவருடைய மனைவியே ஆடுகளைக் கப்பல்காரர்களிடம் விலை பேசிவிட்டாள். கோயில் மணியைக்கூட இறக்கிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார்கள். விழித்திருக்கும்போது மூட்டை கட்டுகிறவன் தூக்கத்தில் வேண்டாம் என்கிறானா?

அதற்காகத்தானே இந்த ஏற்பாடு என்றாள் செந்தூரி. விழித்திருப்பவர் பயத்தில் முடிவெடுப்பார். உறங்குபவர் பொய் சொல்வதில்லை. தீவு மக்கள் இந்த முறையைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான் என்று படித்திருக்கிறாளாம்.

"நீங்க படிச்சது அப்படி" என்றார் சூசைராயன். "நடந்தது என்னன்னா, எங்களுக்கு மூணு கட்சி இருந்துச்சு, எஞ்சினியரம்மா. தெருவுக்கு ஒண்ணு. எலெக்‌ஷன் முடிஞ்சா யாரு படகு எரியும்னு பந்தயம் கட்டுவோம். முழிச்சிருக்கறவன் மச்சானுக்குப் பயந்து ஓட்டுப் போடுவான். தூங்கறவனுக்கு மச்சான் கிடையாது பாருங்க."

கனவில் ஓட்டுப் போடத் தொடங்கிய பிறகு படகு எரியவில்லை. ஆனால் எல்லாம் ஒரேயடியாகச் சுத்தமாகிவிடவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. இரண்டாவது பள்ளிக்கூடம் வேண்டாம் என்றிருந்த கூட்டம், ஓட்டு நாளன்று ஊருக்கே பிரியாணி போட்டது. வயிறு கனத்து, எல்லோருக்கும் மாடு துரத்தும் கனவு. இயந்திரத்துக்கு எந்தப் பத்தியில் போடுவதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஓட்டு நாளில் கஞ்சியும் சுட்ட கருவாடும் மட்டும்தான்.

"யாருய்யா அந்த ஒத்தை ஆளு?" என்று அவர் மறுபடி திரையைத் தட்டினார். "இவ்வளவு பேர் இருக்கறேங்கறப்ப நான் போறேன்னு ஒருத்தன். பொண்டாட்டி கூட சண்டையா இருக்கும்."

பிரகாசி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவளுக்குள் ஏதோ இளகி ஓடியது. போக வேண்டாம். வீட்டைப் பூட்ட வேண்டாம்.

அவள் வீட்டுக்குப் பூட்டே கிடையாது. அது தீவில் எல்லோருக்கும் தெரியும். அவள் கணவன் ஜெரோம் கடலுக்குப் போன நாளிலிருந்து அந்தக் கதவு சாத்தியதோடு சரி. அன்றைக்கு அவன் கஞ்சித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மூடியை மறந்து போனான். அவள் மூடியோடு மணலில் ஓடினாள். படகு நகர்ந்துவிட்டிருந்தது. அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்து, மூடியை நீயே வைத்துக்கொள் என்று கையால் காட்டிவிட்டு, 'வரேன்' என்றான். படகும் கிடைக்கவில்லை, பலகையும் கிடைக்கவில்லை. மூடி இன்றும் அடுப்படி ஆணியில் தொங்குகிறது. தூசு படியாமல் தினமும் அதைத் துடைத்து மாட்டுவாள். வரேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போன மனிதன் வரும்போது ஊரே இல்லாமல் இருந்தால்? இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்காமலே ஊர் அதைக் கேட்டிருந்தது. அதனால்தான் மூட்டை கட்டியவர்கள் அவள் வாசலைத் தாண்டும்போது மட்டும் பேச்சை நிறுத்தினார்கள்.

செந்தூரி பையை எடுத்துக்கொண்டாள். இயந்திரத்தில் அவளுக்கு இனி வேலையில்லை. ஆணையர் வழக்கப்படி சில கனவுகளைப் படித்துப் பார்த்துவிட்டு அறிவிக்கலாம். அறிவித்ததும் கனவுகள் தாமாக அழிந்துவிடும். சின்னப் படகு ஒன்று செந்தூரியைக் கப்பலுக்கு அழைத்துப்போகக் காத்திருந்தது. ஒரே ஒரு குறை சொன்னாள். இயந்திரம் எண்ணிய பிறகு ஒரு மனிதர் ஏன் அறிவிக்க வேண்டும்? இரண்டும் முரண்பட்டால் ஆணையர் சொல்வதே செல்லும் என்று சட்டத்தில் இருக்கிறதே, இது பின்னடைவு இல்லையா?

அது தான் சேர்த்த வரி என்று சூசைராயன் பெருமையாகச் சொன்னார். இயந்திரம் தப்பாகச் சொன்னால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஆணையர் என்றால் வீடு எதுவென்று தெரியும்.

செந்தூரி சிரித்துக் கைகூப்பினாள். "சரி ஐயா. நான் போகிறேன்."

அதிபர் பதறிப்போனார். "ஏம்மா, கிளம்புற நேரத்துல போறேன்னா சொல்றது? கடல்ல வேற போகணும். வரேன்னு சொல்லுங்க."

"ஆனால் நான் திரும்பி வரப்போவதில்லையே, ஐயா. பணி முடிந்துவிட்டது."

"அது வேற விஷயம். வராட்டியும் வரேன்னுதான் சொல்லணும். செத்தவங்களைத் தவிர யாரும் இங்க போறேன்னு போனதில்ல."

இது என்ன தர்க்கம் என்பதுபோல அவள் பிரகாசியைப் பார்த்தாள். பிரகாசியும் தலையாட்டவே, "வரேன்" என்று குழந்தைபோல ஒப்பித்துவிட்டுத் தண்ணீரில் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கிப் போனாள். அதிபர் அவளை வழியனுப்பப் பின்னாலேயே போனார். கதவு வழியே கொஞ்சம் கடல் உள்ளே வந்து, தரையில் தயங்கி நின்றது.

பிரகாசி திரையின் முன் உட்கார்ந்தாள்.

கனவுகள் பெயர் இல்லாமல் வரும். ஒவ்வொன்றையும் இயந்திரம் தன்னுடைய சுத்தமான தமிழில் இரண்டு வரியாக எழுதியிருக்கும். யாருடையது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. முதல் கனவில் ஒருவர் தென்னை மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். மரம் சின்னப் பிள்ளையாக இருக்கிறது. அவர் அதன் தலையைத் தடவி, 'வரேன்' என்கிறார். கீழே இயந்திரம் எழுதியிருந்தது: வருகை உறுதி. இருக்கலாம்.

அவள் அடுத்ததைத் தொட்டாள். ஒரு பெண் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள். கிணற்றில் தண்ணீருக்குப் பதில் அவளுடைய அம்மா முகம். 'வரேம்மா' என்கிறாள். வருகை உறுதி. இருக்கலாம்.

இன்னொன்று. கல்லறைத் தோட்டம் முழுவதும் மீன்கள் நீந்துகின்றன. ஒருவர் ஒவ்வொரு சிலுவையாகத் தொட்டுத் தொட்டு எல்லோரிடமும் 'வரேன்' என்று சொல்லிக்கொண்டே நடக்கிறார். வருகை உறுதி.

விளக்குத் தூணிடம் ஒருவர் சொல்கிறார். கட்டிவைத்த ஆட்டிடம் ஒருத்தி சொல்கிறாள். தோளில் பெட்டியோடு நிற்கும் ஒருவர் தன் வீட்டுப் படிக்கட்டிடம் சொல்கிறார். படிக்கட்டு எழுந்து நின்று கையசைக்கிறது.

பிரகாசியின் விரல் நின்றுவிட்டது.

முன்பு ஓட்டுக்கு வந்த டீசல் வரிக்கும் இரண்டாவது பள்ளிக்கூடத்துக்கும் யாரும் கனவில் வரேன் என்று சொல்லியிருக்கத் தேவையில்லை. சிப்பித்திட்டு இதுவரை போவதைப் பற்றி ஓட்டுப் போட்டதே இல்லை. அகராதி படித்த இயந்திரத்துக்கு வரேன் என்றால் வருகிறேன். அவ்வளவுதான். ஊர் முழுக்கத் தூக்கத்தில் தீவிடம் விடைபெற்றுக்கொண்டிருக்க, அது ஊர் முழுக்க இங்கேயே இருக்கிறதென்று எழுதிவைத்திருந்தது.

இது யாருக்கும் தெரியாது. செந்தூரிக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அதிபர் கனவுகளைப் படிப்பதில்லை. அது ஆணையரின் உரிமை. இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறிவித்ததும் கனவுகள் அழிந்துவிடும். கப்பல் போய்விடும். ஆணியில் மூடி தொங்கும். கதவு சாத்தியிருக்கும்.

வெளியே யாரோ தெருத் தண்ணீரில் பெட்டியை வைத்துப் படகுபோல இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ஓட்டு முடிவு தெரியும் முன்பே கரையில் இடம் பிடிக்கப் போகிறார்கள். அடுத்த ஓதத்துக்கு இந்த அறைக்குள்ளேயே முழங்கால் தண்ணீர் வரும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவன் வரேன் என்றுதானே சொன்னான். அவன் சொன்ன வார்த்தையை இத்தனை வருஷமாக எந்தப் பத்தியில் எழுதி வைத்திருந்தாள்? வருகை உறுதி.

அவள் திரையைப் பார்த்தாள். இயந்திரத்தின் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கூடப் பிறந்தவளைப் பார்ப்பதுபோல இருந்தது.

சூசைராயன் வேட்டி நனைய உள்ளே வந்தார். கப்பல் கேப்டன் அவசரப்படுகிறாராம். ஜனங்கள் ஏலக் கூடத்தின் முன்னால் கூடிவிட்டார்களாம். எல்லோர் முகமும் தூக்கத்தில் நடக்கிற முகமாகவே இருக்கிறதாம். சீக்கிரம் சொல்லிவிட்டால் அவர் கொஞ்சம் கண்ணயரலாம்.

"அண்ணே" என்றாள் பிரகாசி. "ஜெரோம் போன அன்னிக்கு நீங்க கரையில இருந்தீங்கல்ல?"

அவர் ஐஸ் பெட்டியின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். இந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. "நான்தானே ஐஸ் ஏத்திவிட்டேன்."

"கடைசியா என்ன சொன்னாரு?"

"வரேன்னான்."

"அதுக்கு என்ன அர்த்தம்ணே?"

அவர் வேட்டி நுனியைப் பிழிந்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையிலிருந்த கடலோடு சேர்ந்துகொண்டது. அவர் முகத்தைப் பார்த்தபோது, ஊரில் எல்லோரும் இந்தப் பதிலை எத்தனையோ வருஷமாக அவளுக்காக வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

"போறேன்னுதான் அர்த்தம், தங்கச்சி" என்றார். "வேற எப்படிச் சொல்லுவான்?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். சட்டப்படி அது தப்பு. அவர் தென்னை மரத்தைப் படித்தார், கிணற்றைப் படித்தார், கல்லறைத் தோட்டத்தைப் படித்தார். படிக்கட்டுக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிறகு, அறிவிப்பு அவள் பொறுப்பு, தான் ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை என்றார். இருக்கலாம் என்று அவள் சொன்னாலும் தான் எதுவும் பார்க்கவில்லை என்றார். எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

பிரகாசி மைக்கை எடுத்தாள்.

ஒலிபெருக்கிகள் தீவெங்கும் தென்னை மரங்களில் கட்டப்பட்டிருந்தன. அவள் குரல் மரத்திலிருந்து மரத்துக்குத் தாவிக் கொஞ்சம் தாமதமாக அவளுக்கே திரும்பி வந்தது.

"மெஷின் எண்ணுனதுல நாம இங்கேயே இருக்கணும்னு வந்திருக்கு" என்றாள். "ஆனா ஊரே தூக்கத்துல ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கு. மரத்துக்கிட்ட, கிணத்துக்கிட்ட, புதைச்சவங்ககிட்ட. வரேன்னு சொல்லியிருக்கு. மெஷினுக்கு அது விளங்கல. உங்களுக்கு விளங்கும். ஆணையரா நான் அறிவிக்கிறேன். குடியரசு கிளம்புது."

யாரும் கை தட்டவில்லை. எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வந்ததுபோல நின்றிருந்த முகங்களில் அது என்னவென்று ஞாபகம் வந்ததுபோல ஒரு அசைவு. கூட்டத்தில் ஒருத்தர் குனிந்து ஈர மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் பெட்டிகள் நகரும் ஓசை. கப்பலுக்குப் பாதி வழியில் சின்னப் படகிலிருந்த செந்தூரி எழுந்து நின்று, காதைத் தீட்டிக்கொண்டு, படகோட்டியிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சிரிப்பதும் விளக்குவதும் தூரத்தில் தெரிந்தது.

குளிர் அறையில் கனவுகள் அழியத் தொடங்கின. திரையில் ஒவ்வொரு வரியாக மங்கியது. தென்னை மரம் போயிற்று. கிணறு போயிற்று. கையசைத்த படிக்கட்டு கையை இறக்கிக்கொண்டு மறைந்தது. சூசைராயன் இப்போது திரும்பி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கலாம் என்ற நீளமான பத்தி முழுவதும் கரைந்து, வெறும் பச்சை வெளிச்சமாயிற்று.

மற்ற பத்தியிலிருந்த ஒற்றைக் கனவு மட்டும் கடைசியாக நின்றது.

அதிபர் தாடையைச் சொறிந்தார். எல்லாம் தலைகீழ் என்றால் இதுவும் தலைகீழ்தானே? வரேன் என்றவர்கள் கிளம்புகிறவர்கள். அப்படியானால் போறேன் என்ற இந்த ஒருவர்தான் இருக்க விரும்பியவர். அவர் அவளைப் பரிவோடு பார்த்தார். "அது நீயாத்தான் இருக்கும், தங்கச்சி. மனசு கேக்காதுல்ல. ஒண்ணும் நினைச்சுக்காத. உனக்குன்னு கப்பல்ல கரை தெரியற பக்கமா இடம் போடச் சொல்றேன்."

பிரகாசி குனிந்து படித்தாள்.

கடற்கரை. தண்ணீருக்குள் ஒருவர் நிற்கிறார், கையில் திறந்த தூக்குவாளி. ஒரு பெண் மணலில் நடந்து வருகிறாள், ஓடவில்லை. தன் கையிலிருக்கும் மூடியை அவரிடம் கொடுக்கிறாள். அவர் தூக்குவாளியை மூடிக்கொள்கிறார். அவள் அவரிடம், 'போறேன்' என்கிறாள்.

எழுத்துகள் ஒவ்வொன்றாக மங்கின. கடைசி வார்த்தை கொஞ்ச நேரம் நின்று, அதுவும் போயிற்று. அவள் தன் வலது கையைப் பிரித்துப் பார்த்தாள், அதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"இல்லண்ணே, இந்த ஒண்ணை மட்டும் மெஷின் சரியாத்தான் எண்ணியிருக்கு" என்றாள். "நான் மூடியைக் குடுத்துட்டேன்."